யார் முதலில் சுட்டது? – ஒரு விடுதிச் சண்டையின் வரலாறு

மலர்க் குழுவினர் போன் செய்து, "கல்லூரி வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்க சார்" என்று கேட்டார்கள். கட்டடம் வந்த கதை, முதல்வர்கள் வரிசை, வெள்ளிவிழா இவற்றையெல்லாம் எழுத என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான். அது நம் விடுதி டி.வி. ரூமில், 2008 ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை ராத்திரி தொடங்கியதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது 1977லேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று பேச்சு ஸ்டார் வார்ஸ் படத்தைப் பற்றி. ஹான் ஸோலோ நல்லவனா, கெட்டவனா என்று ஆரம்பித்தது. நான், "அவன் நல்லவன் ஆனதெல்லாம் பின்னாடிதான். முதல் படத்துல பாருங்க, எதிர்ல உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கிறவனை மேஜைக்கு அடியில இருந்தே சுட்டுத் தள்ளிட்டுப் போறான்" என்றேன். என் அறைத்தோழன் (பெயர் வேண்டாம், 2009 மெக்கானிக்கல் செட்டில் எல்லோருக்கும் தெரியும்) படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "இல்லடா மச்சான். மொதல்ல சுட்டது அந்தப் பச்சைத் தோல்காரன். குறி தப்பிடுச்சு. அப்புறம்தான் ஹான் சுட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. 1996இல் சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேசட்டில் அந்தப் படத்தை நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். வசனம் புரியாத வயதிலேயே பார்த்தவன். பந்தயம் கட்டினோம்: தோற்றவன் ஒரு மாதம் பரோட்டா வாங்கித் தர வேண்டும். அவன் பெட்டியைத் திறந்து, சென்னையில் வாங்கிய டி.வி.டி.யை எடுத்தான். இருபது பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நின்றோம். பச்சைத் தோல்காரன் சுட்டான். குறி தப்பியது. ஹான் திருப்பிச் சுட்டான்.

டி.வி. ரூமே அதிர்ந்தது. "இது டூப்ளிகேட் டி.வி.டி., யாரோ மாத்தியிருக்காங்க" என்று நான் சொன்னபோது இன்னும் பெரிய சிரிப்பு. அன்றிலிருந்து கல்லூரி முடியும்வரை என் பெயர் 'ரீல்'. இப்போதுகூட சிலர் வாட்ஸ்அப்பில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர்கள் அதை நிறுத்திக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

ஸ்டார் வார்ஸ் 1977 மே 25இல் அமெரிக்காவில் முப்பத்திரண்டு தியேட்டர்களில் மட்டும் வெளியானது. டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ். ஒரு பாலைவன கிரகத்துச் சாராயக்கடையில் ஹான் ஸோலோவை (நடித்தவர் ஹாரிஸன் ஃபோர்ட்) க்ரீடோ என்ற கூலிக்கொலைகாரன் மடக்குகிறான். கடன் பாக்கிக்காக. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஹானின் கை மெதுவாக மேஜைக்கு அடியில் துப்பாக்கியை உருவுகிறது. ஒரு வெளிச்சம், புகை. க்ரீடோ மேஜை மேல் சரிகிறான். ஹான் கடைக்காரருக்கு ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டு, குப்பை பண்ணியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். சில விநாடிகள். அவன் எப்படிப்பட்ட ஆள் என்பது தியேட்டரில் எல்லோருக்கும் விளங்கிவிடும். கடைசியில் அதே ஆள் நண்பனைக் காப்பாற்றத் திரும்பி வரும்போது விசில் பறப்பதற்குக் காரணமும் இந்தச் சில விநாடிகள்தான்.

இம்மாதிரிப் படங்களைப் பற்றி ரசிகர்கள் அடித்துக்கொள்வது ஸ்டார் வார்ஸுக்கு முன்பே உண்டு. 1966இல் டி.வி.யில் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடருக்கு ரசிகர்கள் சொந்தச் செலவில், கையால் சுற்றும் ரோனியோ மெஷினில், பத்திரிகைகள் அடித்து ஊர் ஊராகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்றதும் கடிதம் எழுதியே அதற்கு உயிர் கொடுத்த கூட்டம் அது. ஒருவர் ஒரு குற்றம் கண்டுபிடித்து எழுதுவார். இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் அதற்கு மறுப்பு எழுதுவார். அதற்கும் மறுப்பு வரும். நம் ஊரில் திருக்குறளுக்கு உரை எழுதியவர்கள் முன்னோர் உரையை மறுத்த மாதிரிதான் என்று சொன்னால் தமிழ் மன்றத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் கூட்டத்தின் சாமர்த்தியத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1967 பிப்ரவரியில் வந்த ஒரு ஸ்டார் ட்ரெக் கதையில் கான் என்ற வில்லன் வருவான். பதினைந்து வருஷம் கழித்து, 1982இல், அதே வில்லனை வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் கான், செகோவ் என்ற அதிகாரியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்கிறான். பிரச்சினை என்னவென்றால், அந்த முதல் கதை வந்தபோது செகோவ் தொடரிலேயே கிடையாது. அடுத்த சீஸனில்தான் சேர்ந்தார். எழுதியவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள், வேறொன்றுமில்லை. ரசிகர்கள் விடுவார்களா? "செகோவ் அப்பவும் கப்பல்லதான் இருந்தார், வேறு தளத்துல டூட்டி, அதனால காமிராவில் படலை" என்று முடித்துவைத்தார்கள். செகோவாக நடித்த வால்டர் கோனிக் ரசிகர் கூட்டங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்: அன்றைக்குக் கப்பலில் கானை டாய்லெட் வாசலில் ரொம்ப நேரம் காக்கவைத்தது செகோவ்தான், அந்தக் கடுப்பில்தான் முகத்தை மறக்கவில்லை என்று!

ஸ்டார் வார்ஸில் பெரிய விவாதம் என்றால் 1980 மே முதல் 1983 மே வரை நடந்ததுதான். இரண்டாவது படத்தின் முடிவில் டார்த் வேடர், தான்தான் லூக்கின் தகப்பன் என்கிறான். முதல் படத்தில் பெரியவர் ஓபி-வான், லூக்கின் தகப்பனைக் கொன்றதே வேடர்தான் என்று சொல்லியிருக்கிறார். இருவரில் யார் பொய் சொல்வது? மூன்று வருஷம் உலகத்தில் யாருக்கும் தெரியாது. பெரியவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஒரு கட்சி. பொய் சொல்ல வேடருக்கு அங்கே அவசியமே இல்லையே என்று இன்னொரு கட்சி. வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸே, வசனத்தைப் படித்தபோது வேடர் பொய் சொல்வதாகத்தான் நினைத்தாராம். ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகப் படப்பிடிப்பில் வேடர் உடைக்குள் இருந்த நடிகரிடம் வேறு வசனத்தைக் கொடுத்துப் பேசவைத்திருக்கிறார்கள். மூன்றாவது படத்தில், பெரியவர்தான் பொய் சொன்னவர் என்று தெரிந்தது. அவரும் "ஒரு விதத்தில் பார்த்தால் நான் சொன்னதும் உண்மைதான்" என்று சமாளித்தார். வைவா எக்ஸாமில் நாம் சமாளித்ததைவிட மோசம்.

இன்ஜினீயர்களுக்குப் பிடித்த விவாதம் வேறு. ஹான் தன் கப்பலைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும்போது, கெஸ்ஸல் என்ற பாதையைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் கடந்த கப்பல் இது என்கிறான். பார்செக் நேர அளவு அல்ல, தூர அளவு. சுமார் 3.26 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 31 லட்சம் கோடி கிலோமீட்டர். "மதுரைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் போய்ச் சேர்ந்தேன்" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. லூகாஸுக்கு பிசிக்ஸ் தெரியாது என்று ஒரு கட்சி உடனே எழுதியது. ஹான் வேண்டுமென்றே ரீல் விடுகிறான், கிராமத்துப் பையன் நம்புகிறானா என்று பார்க்கிறான் என்று அடுத்த கட்சி. படப்பிடிப்புக்கான கதை வசனப் பிரதியிலேயே, ஹான் பொருந்தாமல் அளப்பதைக் கேட்டுப் பெரியவர் முகம் மாறுவதாகக் குறிப்பு இருக்கிறது. இரண்டாவது கட்சிக்கு அது நல்ல சாட்சி. மூன்றாவது கட்சிதான் நம்ம ஆட்கள்: அந்தப் பாதைக்குப் பக்கத்தில் கருந்துளைகள் இருக்கின்றன, பயந்தவன் சுற்றிப் போவான், துணிந்தவன் ஒட்டிப் போவான், ஆகவே தூரம் குறைவதுதான் வீரம் என்றார்கள். 1990களில் வந்த நாவல்கள் இதையே பிடித்துக்கொண்டன. 2018இல் ஸோலோ படத்தில் காட்சியாகவே எடுத்துவிட்டார்கள். அதிலும் இருபது பார்செக் பாதையைப் பன்னிரண்டாகக் குறைத்தேன் என்று ஹான் சொல்ல, கூட இருப்பவன் உறுமுகிறான். ஹான், கொஞ்சம் கீழ்ப்பக்கமாக ரவுண்ட் செய்தால் பன்னிரண்டுதான் என்கிறான். லேப் ரிப்போர்ட் எழுதிய யாருக்கும் இந்த வித்தை தெரியும்.

எங்கள் மெஸ் அண்ணன் ஒருநாள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, எம்.ஜி.ஆர். கலை அரசியிலேயே வேற கிரகத்துக்காரன் வந்து பானுமதியைப் பாட்டு சொல்லிக் குடுக்கத் தூக்கிட்டுப் போயிட்டான். அங்க மூச்சு எப்படி விட்டாங்கன்னு நாங்க யாராவது கேட்டமா?" என்றார். அந்தப் படம் 1963இல் வந்தது, ஸ்டார் வார்ஸுக்குப் பதினான்கு வருஷம் முன்னால். பதில் சொல்லத் தெரியாமல் இன்னொரு தோசை வாங்கிக்கொண்டோம்.

கிராவிட்டி படம் 2013இல் வந்தபோது நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டோம். ஹப்பிள் டெலஸ்கோப்பிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு முதுகில் கட்டிய சின்ன ஜெட்டை வைத்துக்கொண்டு போகிறார்கள். ஹப்பிளின் சுற்றுப்பாதைச் சாய்வு 28.5 டிகிரி, நிலையத்தின் சாய்வு 51.6. உயரத்திலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்தத் தளத்தை மாற்ற ஒரு ராக்கெட்டே போதாது. செட் க்ரூப்பில் மூன்று நாள் கணக்குப் போட்டோம். அதில் நானும் அவனும் மட்டும் ஒருவருக்கொருவர் பதில் எழுதவில்லை.

ஒரு விவாதத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1994இல் கெவின் ஸ்மித் என்பவர் சுமார் 27,000 டாலர் செலவில் கறுப்பு வெள்ளையில் கிளெர்க்ஸ் என்ற படம் எடுத்தார். நியூ ஜெர்ஸியில் ஒரு பெட்டிக்கடை மாதிரியான கடையில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதுதான் கதை. அதில் ஒருவன் கேட்கிறான்: ஸ்டார் வார்ஸ் மூன்றாவது படத்தில் வில்லன்களின் இரண்டாவது டெத் ஸ்டாரை நல்லவர்கள் வெடிக்கவைக்கிறார்களே, அது பாதி கட்டிய நிலையில்தானே இருந்தது? அப்படியானால் உள்ளே ப்ளம்பர், கொத்தனார், கூரை போடுகிறவன் என்று எத்தனை கான்ட்ராக்ட் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்திருப்பார்கள்? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கடைக்கு வந்த ஒரு கூரைக் கான்ட்ராக்டர் இதைக் கேட்டுவிட்டுத் தன் அனுபவத்தைச் சொல்கிறார்: ஒரு தாதாவின் வீட்டு வேலை தனக்கு வந்ததாகவும், யார் வீடு என்று தெரிந்து விட்டுவிட்டதாகவும், எடுத்துக்கொண்ட நண்பர் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனதாகவும். கான்ட்ராக்ட் எடுக்கிறவன் மனசாட்சியையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கல்லூரியில் இதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சைட்டில் பத்து வருஷம் நின்றபிறகு எனக்கு அவ்வளவு சிரிப்பு வருவதில்லை. சாரம் கட்டுகிறவருக்கு அந்த பாய்லர் யாருக்காக, எதற்காக என்று யார் சொல்கிறார்கள்? வேலையை வேண்டாம் என்று சொல்லும் வசதி கூரைக் கான்ட்ராக்டருக்கு இருந்தது. அவரிடம் தினக்கூலிக்கு வந்த ஆளுக்கு இருந்ததா? அந்தக் கடைப் பையன்கள் இதைக் கேட்கவில்லை. லூகாஸ் பிற்பாடு, 2002 படத்தின் டி.வி.டி.யில், டெத் ஸ்டாரைக் கட்டியவர்கள் பூச்சி மாதிரியான ஜீவராசிகள்தான், பெரிய சைஸ் கரையான்கள் என்று சொல்லிச் சிரித்தார். அது பதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி துப்பாக்கி விஷயம்.

1997 ஜனவரி கடைசியில், படம் வந்து இருபது வருஷம் ஆனதை ஒட்டி, லூகாஸ் அதைப் புதுப்பித்துத் தியேட்டர்களில் வெளியிட்டார். கம்ப்யூட்டர் வேலைப்பாடுகள் சேர்த்திருந்தார். சாராயக்கடைக் காட்சியில் க்ரீடோ முதலில் சுடுகிறான். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு குறி தப்புகிறான். அப்புறம் ஹான் சுடுகிறான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 'ஹான்தான் முதலில் சுட்டான்' என்று பனியன் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். (இந்த வாசகமே தப்பு என்பதைக் கவனிக்கவும். 1977 பிரதியில் முதலில், இரண்டாவது என்ற பேச்சே இல்லை. ஒரே குண்டுதான், அது ஹான் சுட்டது.) அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு லூகாஸே போட்டோவில் நின்றிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

2004 டி.வி.டி.யில் மறுபடி கை வைத்தார்: இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுடுகிறார்கள், க்ரீடோ ஒரு கண்ணிமைப்பு முன்னால். 2011 ப்ளூ-ரேயில் இன்னும் சில பிரேம்கள் வெட்டு. 2019இல் டிஸ்னி ப்ளஸ் தொடங்கியபோது பார்த்தால், சுடுவதற்கு முன் க்ரீடோ "மக்லங்கி" என்று ஏதோ சொல்கிறான்! என்ன அர்த்தம் என்று அதற்கு ஒரு தனி விவாதம். கம்பெனியை 2012இல் டிஸ்னிக்கு விற்பதற்கு முன்பே லூகாஸ் செய்துவைத்த மாற்றம் அது என்றார்கள்.

ஏன் மாற்றினார்? 2012இல் ஒரு பேட்டியில், க்ரீடோதான் எப்போதுமே முதலில் சுட்டான், பழைய பிரதியில் எல்லாம் க்ளோசப் ஆக இருந்ததால் ஜனங்களுக்குக் குழப்பம், அதைத்தான் தெளிவாக்கினேன் என்றார். 2015இல் இன்னொரு பேட்டியில், பின்னால் இளவரசியைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவன் ஈவிரக்கமில்லாத கொலைகாரனாக இருக்கலாமா, ஜான் வேய்ன் மாதிரி ஒரு கவ்பாயாக இருக்க வேண்டாமா என்று யோசித்ததாகச் சொன்னார். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும்? எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்றால் யோசித்து மாற்ற வேண்டிய அவசியம் என்ன? அதே 2015இல் கனடாவில் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழக நூலகத்தில், விஞ்ஞானக் கதைத் தொகுப்புகளுக்கு நடுவே, 1976 மார்ச் தேதியிட்ட கதை வசனப் பிரதி ஒன்று கிடைத்தது. அதில் சுடுவது ஹான் மட்டும்தான்.

இதில் எனக்கு நிஜமாகவே வலிப்பது வேறொரு தேதி. 1988 மார்ச்சில் இதே லூகாஸ் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின்முன் சாட்சி சொன்னார். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அவற்றின் முதலாளிகள் கலர் அடித்துக்கொண்டிருந்த காலம். கலைப் படைப்புகளைப் பணத்துக்காக மாற்றுவது காட்டுமிராண்டித்தனம், அசல் பிரதிகளை வருங்காலச் சந்ததிக்காகக் காப்பாற்ற வேண்டும் என்று அழுத்தமாகப் பேசினார். அந்த வருஷம் அதற்கொரு சட்டமும் வந்தது. 1989இல் பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த இருபத்தைந்தில் ஸ்டார் வார்ஸும் ஒன்று. எட்டே வருஷத்தில் அவரே தன் படத்தைத் திருத்தி, அசலைக் கடையில் கிடைக்காமல் செய்துவிட்டார். 2006இல் டி.வி.டி.யில் ஓர் இலவச இணைப்பு மாதிரி, 1993 லேஸர் டிஸ்க்குக்காக எடுத்துவைத்த மங்கலான பிரதியைப் போட்டுக் கொடுத்ததோடு சரி. அவருடைய படம், அவருடைய உரிமை, சட்டப்படி சரிதான். ஆனால் நாற்பது தடவை பார்த்தவனிடம் "நீ பார்த்தது அது இல்லை" என்று சொல்ல யாருக்கு உரிமை? ரசிகர்கள் சிலர் பழைய 35 எம்.எம். ரீல்களைத் தேடிப் பிடித்து, பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்து, சொந்தச் செலவில் 1977 படத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் நடத்திய விழாவில் அந்தக் காலத்து அசல் பிரிண்ட் ஒன்றையே ஓட்டினார்கள். ஹான் மட்டும் சுட்டான்.

ஆகவே விடுதியில் நான் சொன்னது சரி. சித்தப்பா கொண்டுவந்த கேசட், அசல் பிரதி கடைசியாக விற்பனைக்கு வந்த 1995 வெளியீடு. அவன் சொன்னதும் சரி. அவன் டி.வி.டி. 2004 பிரதி. லேபில் நெட்டில் ஐந்து நிமிஷம் தேடியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தேடவில்லை. எனக்கு உண்மை தேவைப்படவில்லை, ஜெயிக்க வேண்டியிருந்தது.

இந்த மாதிரி ஜெயிக்க நினைத்தவர்கள் செய்த காரியங்களும் இந்த வரலாற்றில் உண்டு. 1999 படத்தில் ஜார் ஜார் என்ற கோமாளிப் பாத்திரத்தில் நடித்த அஹ்மத் பெஸ்டை உலகமே திட்டியது. தற்கொலையின் விளிம்புவரை போனதாக 2018இல் அவரே சொன்னார். (2023இல் அவரை வீரனாக்கி மறுபடி நடிக்கவைத்தார்கள், ரசிகர்கள் கைதட்டினார்கள்.) 2017 படத்தில் நடித்த கெல்லி மேரி டிரானை நிறத்தையும் இனத்தையும் சொல்லிச் சொல்லிக் காயப்படுத்தியதில், மறு வருஷம் அவர் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டார். கதையில் ஓட்டை இருக்கிறது என்று தொடங்கிய பேச்சு அது.

நான் செய்தது அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். அவனும் நானும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பார்ட்னர்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர். ரீல் என்று கூப்பிட ஆரம்பித்த இரண்டாவது வாரம் நான் வேறு டீமுக்கு மாறிவிட்டேன். அது பெரிய தப்பில்லை. டிசைன் கணக்கு முழுக்க இருந்த நீல அட்டை நோட்டு என்னிடம் இருந்தது. அவன் இரண்டு தடவை கேட்டான். "காணோம்டா" என்றேன். அது என் பெட்டியில்தான் இருந்தது. அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டான், ரிவ்யூவுக்குள் முடிக்க முடியவில்லை, ப்ராஜெக்டில் அரியர் விழுந்தது. செட்டில் எல்லோரும் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் அவனால் சேர முடிந்தது. ரீல் என்ற பெயர் அன்றைக்குத்தான் எனக்குப் பொருத்தமாயிற்று, அது யாருக்கும் தெரியாது.

2014இல் வேலை பார்த்த இடத்தில் ஒரு பைப் லைன் சண்டை. கான்ட்ராக்டர், சப்போர்ட் இங்கேதான் என்கிறார். எங்கள் சூப்பர்வைசர், அங்கே என்கிறார். இருவர் கையிலும் டிராயிங். இருவர் கையிலும் ஒரே நம்பர். கத்திக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ஒன்று ரிவிஷன் பி, இன்னொன்று ரிவிஷன் டி. யாரோ மாற்றிவிட்டு, பழைய ஷீட்டைத் திரும்ப வாங்காமல் விட்டிருக்கிறார்கள். ஷீட்டின் மூலையில் இருந்த அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது டி.வி. ரூம் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரிதான் முதன்முதலாகத் தேடிப் பார்த்தேன்.

அதற்கப்புறமும் அவனுக்குப் போன் செய்யப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன வருஷம் ரீயூனியன் தேதி வந்ததும் செய்தேன். கேசட், 1977, 2004, நூலகத்தில் கிடைத்த பிரதி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "படம் கெடக்கட்டும்டா. அந்த நீல நோட்டு இன்னும் வெச்சிருக்கியா?" என்றான். அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வைத்திருக்கிறேன் என்றேன். "எடுத்துட்டு வா. பரோட்டாவும் பாக்கி இருக்கு."

நோட்டை எடுத்து வைத்துவிட்டேன். கேசட்டையும் கொண்டுவருகிறேன், ஓரங்களில் காளான் பூத்திருக்கிறது, துடைத்துப் பார்க்கிறேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கலைநிகழ்ச்சி முடிந்ததும் பழைய டி.வி. ரூமில் போட்டுக் காட்டுவதாக இருக்கிறோம். 2005–2009 செட்டில் யார் வீட்டுப் பரணிலாவது ஓடுகிற நிலையில் வி.சி.ஆர். இருந்தால், ஸ்கார்ட் கேபிளோடு, தயவுசெய்து எடுத்து வரவும். ஹெட் கிளீனரும் இருந்தால் நல்லது.